ஆசனங்களை எண்ணிய பிறகே கோடு கிழிக்கப்படுகிறது

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். எங்கள் மகன் பம்பலப்பிட்டியில் உள்ள ஓர் அரசாங்கப் பாடசாலையில், தமிழ் மொழிமூலம், தரம் 4 படிக்கிறான். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையின் மகளை, ஏழு வயதிலேயே, அவளுடைய பாடசாலை மீத்திறன் பிள்ளைகளுக்கான வகுப்புக்குத் தெரிவு செய்திருக்கிறது. அதே வாரம் என் மகனை அவனுடைய புலமைப்பரிசில் ரியூசன் வகுப்பில் முதற்பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மாதிரி வினாத்தாள்களில் 200க்கு 130ஐத் தாண்டுகிறான் இல்லை. ஆனால் இதே பிள்ளைதான் மொட்டைமாடியில் நின்று கரையோரப் பாதையில் போகும் ரயில்களின் நேரங்களை ஒரு கொப்பியில் குறித்து, எந்த ரயில் எந்த நாளில் எத்தனை நிமிடம் பிந்தும் என்று எங்களுக்குச் சொல்கிறான். வாயால் சொல்லச் சொன்னால் எல்லாம் சொல்வான், எழுதச் சொன்னால் மிகவும் மெதுவு. அங்கே எப்படித் தெரிவு செய்கிறார்கள்? இங்கே அப்படி ஏதும் உண்டா? காசு கொடுத்து நுண்ணறிவுச் சோதனை செய்து பார்க்கலாமா? "அவனுக்கு இவ்வளவுதான்" என்கிறார் அவனுடைய அப்பா.
ஒரு தாய், கொழும்பு 06

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வாரத்தில் வந்த இரண்டு செய்திகளை நீங்கள் ஒரே தராசில் வைத்திருக்கிறீர்கள். கவலை அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். தங்கையின் மகள் எதிர்கொண்ட சோதனையும் உங்கள் மகன் எழுதும் மாதிரி வினாத்தாளும் வேறு வேறு தேவைகளுக்காக, வேறு வேறு ஆட்களால், வேறு வேறு எண்ணிக்கையான ஆசனங்களை நிரப்புவதற்காக உருவாக்கப்பட்டவை. ஒன்றில் தெரிவானவளையும் மற்றதில் பிரிவு இறங்கியவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளப்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஆனாலும் அங்கே நடப்பது என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. தெரிவு என்ற சொல்லுக்குள் எத்தனை தற்செயல்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அது நன்றாகவே காட்டும்.

அமெரிக்காவில் மீத்திறன் பிள்ளைகளைத் தெரிவு செய்வதற்கு நாடு முழுவதற்குமான ஒரே விதி இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், ஒரே மாநிலத்துக்குள்ளும் பாடசாலை மாவட்டத்துக்கு மாவட்டம், முறை மாறும். 1972இல் அந்நாட்டுக் கல்வி ஆணையாளர் சிட்னி மார்லண்ட் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை, பொது அறிவாற்றலோடு குறித்த ஒரு பாடத்தில் உள்ள திறமை, படைப்பாற்றல், தலைமைத்துவம், கலைத்திறன் முதலியவற்றையும் மீத்திறனின் வகைகளாக எண்ணியது. காகிதத்தில் வரைவிலக்கணம் இவ்வளவு அகலம். வகுப்பறைக்கு வரும்போது அது பெரும்பாலும் ஒரு சோதனைப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. வழக்கமான வரிசை இதுதான்: ஆசிரியரோ பெற்றோரோ பிள்ளையின் பெயரைக் கொடுப்பார்கள், சொல், எண், உருவம் ஆகிய மூன்று வகை வினாக்கள் கொண்ட ஓர் அறிதிறன் சோதனை நடக்கும், சில இடங்களில் அதற்கு மேல் உளவியலாளர் பிள்ளையைத் தனியே இருத்திச் சோதிப்பார், பிறகு பாடப் புள்ளிகளையும் ஆசிரியரின் மதிப்பீட்டையும் சேர்த்து ஒரு குழு முடிவெடுக்கும். தனியாள் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100. பல இடங்களில் கோடாக வைக்கப்படும் 130ஐ அவ்வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேரே எட்டுவார்கள். அதே பிள்ளையை அடுத்த மாதம் சோதித்தால் புள்ளி மூன்று நான்கு மேலேயோ கீழேயோ போவது மிகச் சாதாரணம். 128 எடுத்தவனும் 131 எடுத்தவனும் உண்மையில் ஒரே பிள்ளைதான். கோடு மட்டுமே அவர்களுக்கு நடுவால் போகிறது.

நியூயோர்க் நகரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே பல ஆண்டுகளாக நான்கு வயதுப் பிள்ளைகளை ஒரு நாளில், ஒரு சோதனையில் வடிகட்டினார்கள். அவ்வயதினர் நூறு பேரில் தொண்ணூறு பேரை விஞ்சிய பிள்ளை அயல் பாடசாலையின் சிறப்பு வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். நகரம் முழுவதற்குமான சில பாடசாலைகளுக்குத் தகுதிக்கோடு 97. அங்கே ஆசனங்கள் மிகக் குறைவானதால், 99 எடுத்தவர்களிலும் பலர் வெளியே நின்றார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு ரியூசன் கொடுக்கும் தொழில் அங்கே செழித்தது என்பதை ஒரு கொழும்புத் தாய்க்கு நான் விளக்கத் தேவையில்லை. 2021இல் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. அதன் பிறகு முன்பள்ளி ஆசிரியர்கள் பெயர்களைக் கொடுக்க, தகுதியானவர்களிடையே குலுக்கல் முறையில் ஆசனம் பகிரப்படுகிறது. நகரத்துப் பிள்ளைகளின் மூளை ஓராண்டில் மாறிவிடவில்லை, யார் மீத்திறன் கூடியவர் என்ற பட்டியல் மட்டும் மாறியது.

பெயர் கொடுப்பவர் யார் என்பதிலும் பெரிய விடயம் இருக்கிறது. புளோரிடா மாநிலத்தின் பெரிய பாடசாலை மாவட்டம் ஒன்றில் 2005ஆம் ஆண்டு வரை, ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளையே சோதித்தார்கள். அந்த ஆண்டிலிருந்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், யாரும் பரிந்துரைக்காமலே, சொற்கள் இல்லாத, உருவங்களால் ஆன ஒரு முதற்கட்டச் சோதனையை வைத்தார்கள். தெரிவான ஏழைப் பிள்ளைகளின், கறுப்பினப் பிள்ளைகளின், ஸ்பானிய வழிப் பிள்ளைகளின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டவர்கள் டேவிட் கார்ட், லோரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள். அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பும் அதே வகுப்பறைகளில்தான் இருந்தார்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையையும் சட்டை கசங்கி வரும் பிள்ளையையும் ஆசிரியரின் கண் தாண்டிப் போனது, அலுவலகத்துக்கு எந்தப் படிவத்தைக் கேட்டுப் போவது என்பது அந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் தங்கைக்கு அது தெரிந்திருக்கும். அவருடைய மகளின் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கெட்டித்தனத்தோடு வேறு சிலவும் சேர்ந்தே கதவைத் திறக்கின்றன என்கிறேன்.

இந்தச் சோதனைகளின் பிறப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1905இல் பாரிஸில் அல்பிரட் பினே இதன் முதல் வடிவத்தை ஆக்கியது வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டு உதவுவதற்காக. அதை அமெரிக்காவில் திருத்தியமைத்து மேதைகளைத் தேடும் கருவியாகத் திருப்பியவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டேர்மன். 1921இல் தொடங்கிய அவருடைய ஆய்வுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகள் தெரிவானார்கள். அப்போது சோதிக்கப்பட்டும் புள்ளி போதாமல் விடுபட்ட இரண்டு சிறுவர்களின் பெயர்கள் வில்லியம் ஷொக்லி, லூயிஸ் அல்வாரெஸ். இருவரும் பிற்காலத்தில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள், ஒருவர் 1956இல், மற்றவர் 1968இல். தெரிவான ஆயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவரும் அதைப் பெறவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற அதே ஷொக்லி முதுமையில் இனத்துக்கும் நுண்ணறிவுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசி அவப்பெயர் தேடிக்கொண்டார் என்பது இன்னொரு கதை.

இனி நம் ஊருக்கு வருவோம். இலங்கை அரசாங்கப் பாடசாலைகளில் அமெரிக்காவில் உள்ளது போன்ற மீத்திறன் வகுப்பு என்ற ஏற்பாடு இல்லை. நம்மவர்கள் அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை. ஆனால் அந்தப் பரீட்சை மீத்திறனைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டதன்று. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில், 1940களில், கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டுவந்து விடுதியில் வைத்துப் படிப்பிப்பதற்கான வழியாக அது வந்தது. இன்று அதற்கு இரண்டு வேலைகள்: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுப்பது, தரம் 6இல் பிரபல பாடசாலைகளின் ஆசனங்களை நிரப்புவது. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறுகிறது. பாடசாலை அனுமதிக்கான வெட்டுப்புள்ளி பாடசாலைக்குப் பாடசாலை மாறுகிறது. றோயல் கல்லூரியின் தமிழ் மொழிமூல வகுப்பில் எத்தனை ஆசனங்கள், அதை எத்தனை பேர் முதல் விருப்பமாகக் கேட்டார்கள் என்பதிலிருந்துதான் அதன் வெட்டுப்புள்ளி பிறக்கிறது. அடுத்த ஆண்டு ஆசனம் பத்துக் கூடினால் அந்த எண் தானாக இறங்கும். முதலில் ஆசனங்களை எண்ணுகிறார்கள், பிறகு கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளையின் மூளையைப் பற்றி அந்தக் கோட்டுக்கு எதுவும் தெரியாது.

ஒரு கணக்கை உங்களுக்காகச் சொல்கிறேன், வீட்டில் நீங்களே பார்க்கலாம். தை (ஜனவரி) 31ஆம் திகதியன்று ஐந்து வயது பூர்த்தியான பிள்ளைகளையே அவ்வாண்டு தரம் 1இல் சேர்க்கிறார்கள். ஆகவே ஒரே வகுப்பில், மாசி முதல் வாரம் பிறந்த பிள்ளை மூத்தது, அடுத்த தை மாதக் கடைசியில் பிறந்த பிள்ளை இளையது. இருவருக்கும் இடையில் கிட்டத்தட்ட முழுதாக ஓராண்டு. பத்து வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் பத்திலொரு பங்கு. தங்கையின் மகளுக்கு வைத்த சோதனையில் புள்ளியை அதே வயதும் மாதமும் கொண்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டே கணிப்பார்கள். நம் பரீட்சையில் அப்படி ஒரு திருத்தம் கிடையாது. உங்கள் மகன் மார்கழியிலோ தையிலோ பிறந்தவனாக இருந்தால், அவனுடைய 130ஐ வேறு கண்ணோடு பாருங்கள். அவன் இன்னும் தரம் 4இல் இருக்கிறான் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ரியூசன் வகுப்புகளில் அடுத்த ஆண்டுப் பாடத்துக்குரிய வினாத்தாளை இந்த ஆண்டே கொடுத்துவிட்டு, பிறகு அதே புள்ளியை வைத்துப் பிரிவு பிரிப்பது சர்வசாதாரணமாகிவிட்டது.

மாதிரி வினாத்தாளின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்ற ஆண்டு ஒரு தந்தை தன் மகளோடு என்னைப் பார்க்க வந்தபோது, சிவப்பு மையால் நிறைந்த ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தார். "2, 4, 8, அடுத்து வரும் எண் எது?" என்பது ஒரு கேள்வி. பிள்ளை 14 என்ற விடையைத் தெரிவு செய்திருந்தாள், பிழை போடப்பட்டிருந்தது. ஏன் 14 என்று கேட்டேன். விரலால் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னாள்: "இரண்டுக்கு இரண்டைக் கூட்டினால் நாலு, நாலுக்கு நாலைக் கூட்டினால் எட்டு, அப்ப எட்டுக்கு ஆறைக் கூட்டவேணும்." விடைத்தாளில் இருந்தது 16, இரட்டிப்பாக்கும் விதி. மூன்று எண்களை மட்டும் கொடுத்தால் இரண்டு விதிகளும் பொருந்தும் என்பது கேள்வியை ஆக்கியவருக்குத் தோன்றவில்லை. ஒரு விதியைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்குப் பூச்சியம் கிடைத்தது. தந்தை அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள் இதைவிட எவ்வளவோ கவனமாக ஆக்கப்படுகிறது. இருந்தாலும் அதுவும் மனிதர் நடத்தும் காரியந்தான். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவே பிரிவு மாறியதை ஒரு தீர்ப்பாக எடுக்காமல், அந்த 130 எப்படி வந்தது என்று பாருங்கள். அவனுடைய கடைசி நான்கு மாதிரி வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு, தாயும் மகனுமாக, பிழையான ஒவ்வொரு விடையையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தெரியாததால் விட்டது, தெரிந்தும் கேள்வியைப் பிழையாக வாசித்தது, நேரம் போதாமல் தொடாமலே விட்டது. முதலாம் வினாத்தாளில் 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம், அங்கே ஒன்றுக்கு 75 செக்கன்தான், அதிலும் பலவற்றுக்கு விடையைக் கையால் எழுத வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவது குவியலே பெரிதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். விடுபட்ட அந்த வினாக்களை நேரம் குறிக்காமல், வாயால் கேளுங்கள். பெரும்பாலானவற்றைச் சரியாகச் சொன்னான் என்றால், அவனுடைய சிக்கல் அறிவில் இல்லை, கையில் இருக்கிறது. இன்னும் நூறு வினாத்தாள் செய்விப்பதால் அது தீராது.

இந்த இடத்தில்தான் சோதனை செய்விப்பதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இரண்டாகப் பிரிகிறது. "மகன் மீத்திறன் கூடியவனா" என்று அறிவதற்காக நுண்ணறிவு ஈவுச் சோதனை செய்விக்க வேண்டாம். 125 என்று வந்தால் வீட்டில் ஒரு பேச்சு, 112 என்று வந்தால் அவனுடைய அப்பாவின் வாக்கியத்துக்கு ஒரு முத்திரை. அந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்து அனுமதி கேட்பதற்கு இங்கே ஒரு வகுப்பும் இல்லை. தவிர, வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்து நியமம் கணிக்கப்பட்ட சோதனையை, தமிழில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நடத்தினால், அளக்கப்படுவதில் பாதி அவனுடைய ஆங்கிலமே. ஆனால், சொல்வதற்கும் எழுதுவதற்கும் இடையில் இவ்வளவு தூரம் ஏன் என்பது வேறு கேள்வி. அது விடை காண வேண்டிய கேள்வி. நன்றாகச் சிந்திக்கும் பிள்ளைகள் சிலருக்கு எழுத்தில் அல்லது வாசிப்பில் குறிப்பான ஓர் இடர்ப்பாடு இருக்கும். கெட்டித்தனம் இடர்ப்பாட்டை மறைக்கும், இடர்ப்பாடு கெட்டித்தனத்தை மறைக்கும்; முடிவில் பிள்ளை எல்லாருக்கும் "சராசரி"யாகத் தெரிவான். நான் கண்ட பிள்ளைகளில் மிக அதிகமாகக் கவனத்துக்குத் தப்பியவர்கள் இவர்களே.

முதலில் வகுப்பாசிரியரிடம் போங்கள். "என் மகன் கெட்டிக்காரனா" என்று கேட்காதீர்கள், ஆசிரியர் என்ன சொல்வார், "நல்ல பிள்ளை" என்பார். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மற்றவர்களோடு ஒப்பிட எவ்வளவு பிந்துகிறான், எழுத்துகளை விட்டுவிட்டு எழுதுகிறானா, வாய்மொழியாகக் கேட்கும்போது கை உயர்த்துகிறானா என்று கேளுங்கள். ஆசிரியரும் நீங்கள் காண்பதையே காண்கிறார் என்றால், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் உளநலத்துக்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள், அங்கே ஆலோசனை பெறலாம். தனியாரிடம் போவதென்றால், தமிழில் பிள்ளையோடு பேசிச் சோதிக்கக்கூடியவரா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அவனுடைய அப்பாவிடம் சொல்வதற்கு நடைமுறைச் செய்தி ஒன்று இருக்கிறது. மகன் இப்போது படிக்கும் பாடசாலையில் தரம் 13 வரை இருந்தால், பாடசாலை மாற்றும் எண்ணமும் உங்களுக்கு இல்லையென்றால், புலமைப்பரிசில் பரீட்சையால் அவனுக்கு ஆக வேண்டிய காரியம் மிகச் சொற்பம். உதவிப்பணத்துக்கும் குடும்ப வருமான எல்லை ஒன்று உண்டு. எழுதட்டும், நன்றாகவே எழுதட்டும். ஆனால் வாரத்தில் நான்கு மாலைகளையும் ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் விலையாகக் கொடுத்து வாங்க வேண்டிய அளவுக்கு அந்தக் காகிதத்துக்கு அவன் விடயத்தில் பெறுமதி இல்லை. தரம் 5ஓடு முடிந்துவிடும் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும். பாடசாலையை மாற்ற வேண்டும் என்பதே அப்பாவின் விருப்பமென்றால், அதை வெளிப்படையாக மேசையில் வைத்து, எந்தப் பாடசாலை, அதன் தமிழ் மொழிமூல வெட்டுப்புள்ளி கடந்த மூன்று ஆண்டுகளில் என்ன என்று பார்த்து முடிவெடுங்கள். "அவனுக்கு இவ்வளவுதான்" என்பதை மட்டும் அவன் காது கேட்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதில் அது கேள்வியாக விழாது, தகவலாக விழும்.

ரயில் கொப்பிக்கு வருகிறேன். யாரும் சொல்லாமல் ஒரு விடயத்தைப் பல வாரங்கள் விடாமல் பின்தொடர்வது சிறிய காரியமன்று. மீத்திறனை ஆராய்ந்த ஜோசப் ரென்சுலி 1978இல் அதை மூன்று வளையங்களாக வரைந்தபோது, சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பாற்றல் என்பவற்றோடு மூன்றாவதாக வைத்தது, எடுத்த காரியத்தில் ஊன்றி நிற்கும் இந்தக் குணத்தைத்தான். எந்த மாதிரி வினாத்தாளும் இதைக் கேட்பதில்லை. அந்தக் கொப்பியை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். திங்கட்கிழமைத் தாமதத்துக்கும் வெள்ளிக்கிழமைத் தாமதத்துக்கும் வித்தியாசம் உண்டா, மழை நாளில் என்ன நடக்கிறது, கோட்டையிலிருந்து வரும் ரயில் பிந்துகிறதா, காலி, மாத்தறைப் பக்கமிருந்து வருவது பிந்துகிறதா என்று கேளுங்கள். விடையை அவன் சொல்லட்டும், எழுதுவது உங்கள் கையாக இருக்கட்டும். ஒருநாள் வெள்ளவத்தை நிலையத்துக்குக் கூட்டிப்போய் நிலைய அதிபரிடம் அந்தக் கொப்பியைக் காட்டினாலும் நல்லது.

என்னைப் பார்க்கவோ வைத்தியசாலைக்கோ வருவதென்றால், ரியூசன் வினாத்தாள் கட்டை வீட்டில் வைத்துவிட்டு, தரம் 3இலும் 4இலும் அவன் எழுதிய பாடசாலைத் தமிழ்க் கொப்பிகளையும், அந்த ரயில் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.